புகையை விடச் செய்வது எது: மன உறுதியா, துணையா?

இந்தியாவில் புகைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதை விட நினைப்பவர்கள். 2016–17இல் நாடு முழுவதும் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வில், புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விடத் திட்டமிட்டிருப்பதாகவோ விட எண்ணுவதாகவோ சொன்னார்கள். 38.5 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய 12 மாதங்களில் ஒருமுறையேனும் முயன்றிருந்தார்கள். விருப்பத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த உதவியும் இல்லாமல் எடுக்கும் முயற்சிகளில் ஆறு மாதமோ ஓராண்டோ தாங்குபவை நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். விருப்பம் இவ்வளவு பரவலாக இருந்தும் வெற்றி ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? அச்சம் போதவில்லை என்றார்கள் சிலர். மன உறுதி போதவில்லை என்றார்கள் சிலர். இது மூளையைப் பற்றிய நோய், மருந்துதான் வேண்டும் என்றார்கள் வேறு சிலர். சுற்றமும் கடைத்தெருவும் மாறாமல் எதுவும் மாறாது என்பாரும் உண்டு. ஒவ்வொரு பதிலுக்கும் சான்று இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையும் இருக்கிறது. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு முடிவு வலுப்பெறுவதாக எனக்குப் படுகிறது: ஊக்கம் ஒருவரை முயற்சியில் இறக்கிவிடுகிறது, இறங்கியவர் நிலைப்பாரா என்பதைப் பெரும்பாலும் வேறு காரணங்கள் தீர்மானிக்கின்றன.

அச்சமும் அறிவும்

மிகப் பழைய பதில் கண்டனம். 1604இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கடுமையாகச் சாடி ஒரு சிறுநூல் எழுதினார். இறக்குமதியாகும் புகையிலை மீதான தீர்வையையும் பன்மடங்கு உயர்த்தினார். புகையிலை ஓயவில்லை. கண்டனத்தின் இடத்தில் சான்று வந்து அமர 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைப்பதற்கும் உள்ள உறவைக் காட்டினார்கள். 1951இல் அவர்கள் தொடங்கிய பிரித்தானிய மருத்துவர்கள் ஆய்வு ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அதன் இறுதி முடிவுகள் 2004இல் வந்தன: வாழ்நாள் முழுதும் சிகரெட் புகைத்தவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார், 60, 50, 40, 30 வயதில் விடுபவர் முறையே ஏறத்தாழ மூன்று, ஆறு, ஒன்பது, பத்து ஆண்டுகளை மீட்டுக்கொள்கிறார். விடுவதற்கு வயது கடந்துவிட்டது என்ற எண்ணத்தை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக மறுக்கும் வேறொன்று இல்லை.

அறிவுக்கு ஆற்றல் உண்டு என்பதை மறுக்க முடியாது. 1964இல் லூதர் டெர்ரி தலைமையில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலகத்தின் அறிக்கை வெளிவந்தபோது அந்நாட்டு வயதுவந்தோரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் புகைத்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை பன்னிரண்டுக்கும் கீழே. இதில் வரி, தடை, விளம்பரக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் பங்கு இருந்தாலும் முதல் அசைவைத் தந்தது தகவல்தான். ஆனால் தகவல் எல்லோரிடமும் ஒரே அளவில் வேலை செய்யவில்லை. படித்தவர்களும் வசதி உள்ளவர்களும் முதலில் விட்டார்கள். ஏழைகளும் மனநோயால் வருந்துவோரும் பின்தங்கினார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் பற்றித் தெரியாது என்பதல்ல காரணம். இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் இரு பக்கமும் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே பற்றவைப்பவர் அறியாமையால் பற்றவைக்கவில்லை. வழிகாட்டாத அச்சம் சிலரை முயற்சிக்குத் தள்ளுகிறது, சிலரைப் படத்தின் மீதிருந்து கண்ணைத் திருப்ப வைக்கிறது. எங்கே போவது, யாரிடம் கேட்பது என்ற விவரம் கூடவே இருந்தால்தான் அச்சம் பயன் தருகிறது. 2018 செப்டம்பரிலிருந்து இந்தியப் பெட்டிகளில் இலவச உதவி எண்ணும் அச்சிடப்படுவது, இந்த வகையில், படத்தைப் பெரிதாக்கியதைவிட முக்கியமான மாற்றமாக இருக்கக்கூடும்.

மனம் பழுக்கும்வரை காத்திருத்தல்

அச்சம் போதாதபோது பார்வை மனத்தின் பக்கம் திரும்பியது. 1983இல் ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிக்ளமென்டேயும் முன்வைத்த படிநிலைக் கோட்பாடு, புகைப்பவர் எண்ணமே இல்லாத நிலையிலிருந்து எண்ணும் நிலைக்கும், பிறகு ஆயத்தத்துக்கும், செயலுக்கும், நிலைநிறுத்தலுக்கும் படிப்படியாக நகர்கிறார் என்றது. ஒவ்வொரு படியிலும் இருப்பவருக்கு ஏற்ற சொல்லைச் சொன்னால் அவர் அடுத்த படிக்கு வருவார் என்பது அதன் வாக்குறுதி. மருத்துவக் கல்வியிலும் போதை மீட்புப் பயிற்சிகளிலும் அது வேகமாகப் பரவியது. புகைப்பவரைக் கண்டிக்காமல் அவர் இருக்கும் இடத்திலிருந்து பேச வேண்டும் என்று மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதன் நிலையான நன்மை.

கோட்பாட்டின் அடித்தளம் அவ்வளவு உறுதியாக இல்லை. 2005இல் லண்டன் உளவியலாளர் ராபர்ட் வெஸ்ட் இந்தக் கோட்பாட்டை ஓய்வெடுக்க விட வேண்டும் என்றே எழுதினார். மறு ஆண்டு அவரும் தாஜ் சோஹலும் வெளியிட்ட ஆய்வில், விடும் முயற்சிகளில் ஏறத்தாழப் பாதி எந்த முன் திட்டமும் இல்லாமல் சட்டென்று எடுக்கப்பட்டவை என்றும், அவை திட்டமிட்டவற்றைவிட நீடித்தவை என்றும் தெரிந்தது. படி ஏறாமலே மாடிக்கு வந்தவர்கள் இத்தனை பேர் என்றால் படிகளின் கதை முழுமையாக இருக்க முடியாது. இதற்கும் ஒரு வலுவான மறுப்பு உண்டு. திடீரென்று முயன்று இரண்டே நாளில் தோற்றதை மனிதர் எளிதில் மறந்துவிடுவார். பல வாரம் திட்டமிட்டுத் தோற்றதை மறக்கமாட்டார். நினைவிலிருந்து சொல்லும் கணக்கில் திடீர் முயற்சிகள் உள்ளதைவிடச் சிறப்பாகத் தோன்றும். இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது என்றாலும், எண்ணம் பழுக்காதவரிடம் உதவியை எடுத்துச் செல்வது வீண் என்ற முடிவு மட்டும் சான்றுக்கு முன் நிற்கவில்லை. மருத்துவர் இன்னும் இவர் தயாராகவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த நோயாளியை அழைப்பது அந்தக் கோட்பாட்டின் பெயரால் நடந்த தவறு.

இதைவிட ஆழமான ஒரு கண்டுபிடிப்பு 2011இல் வந்தது. முயற்சியையும் வெற்றியையும் தனித்தனியாக அளந்த ஆய்வுகளை எலெனி வாங்கெலியும் சக ஆய்வாளர்களும் தொகுத்தார்கள். யார் முயல்வார் என்பதை ஊக்கத்தின் அளவு நன்றாகவே முன்கூட்டிச் சொன்னது. யார் நிலைப்பார் என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொன்னது நிகோட்டின் சார்பின் ஆழம். காலையில் விழித்து ஐந்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே பற்றவைப்பவருக்கும் உள்ள வேறுபாடு, இருவரும் எவ்வளவு உறுதியாக முடிவெடுத்தார்கள் என்பதைவிடப் பெரியது. தோற்றவரைப் பார்த்து உனக்கு உண்மையான ஆசை இல்லை என்று வீடும் ஊரும் சொல்வது எவ்வளவு அநியாயம் என்பது இங்கே தெரிகிறது.

நிகோட்டினும் அதற்கான மருந்துகளும்

சார்பு என்ற கருத்தே தாமதமாகத்தான் ஏற்கப்பட்டது. 1964 அறிக்கை புகைப்பதைப் பழக்கம் என்றே வகைப்படுத்தியது. அது ஹெராயின், கோகெய்ன் போன்றவற்றின் வரிசையில் வைக்க வேண்டிய போதை அடிமைத்தனம் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் சி. எவரெட் கூப் அறிவிக்க 1988 ஆயிற்று. இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் சில நொடிகளில் மூளையை அடைகிறது; இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது; உடல் மறுபடி கேட்கிறது. விட்டவருக்கு எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், பசி எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிகின்றன. தோற்பவர்களில் பெரும்பகுதியினர் முதல் எட்டு நாளுக்குள்ளேயே தோற்கிறார்கள். துணை எப்போது தேவை என்பதற்கு இந்த ஒரு தகவலே போதுமான வழிகாட்டி. ஆனால் பல மருத்துவமனைகளில் மறு சந்திப்பு ஒரு மாதம் கழித்துத்தான்.

நிகோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், தாரினால் சாகிறார்கள் என்ற பொருளில் லண்டன் மருத்துவர் மைக்கேல் ரசல் 1976இல் எழுதியது மருந்து வழிக்குத் தத்துவமாக அமைந்தது. புகையில்லாமல் நிகோட்டினை மட்டும் கொடுத்து, பிறகு குறைத்துக்கொண்டே வருவது அந்த வழி. சுவீடனில் ஊவே ஃபெர்னோ, புகைக்க முடியாத நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் வாய்ப்புகையிலைக்கு மாறுவதைப் பற்றிக் கேள்விப்பட்டு, நிகோட்டின் சூயிங்கத்தை உருவாக்கினார். இன்று சூயிங்கமும் ஒட்டுப் பட்டையும் நீடித்த வெற்றிக்கான வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. வாரெனிக்ளின் மாத்திரை அதை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்துகிறது. அது லாபர்னம் மர விதையிலுள்ள சைட்டிசினின் வழிவந்தது. அந்தச் சைட்டிசினோ பல்கேரியாவில் 1960களிலிருந்தே மலிவு மாத்திரையாக விற்றது. மேற்கு நாடுகள் அதைப் பல பத்தாண்டுகள் திரும்பிப் பார்க்கவில்லை. வாரெனிக்ளின் மனநிலையைக் கெடுத்துத் தற்கொலைக்குத் தூண்டும் என்ற அச்சம் பல ஆண்டுகள் நிலவியது. 8,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2016இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு, மனநோய் வரலாறு உள்ளவர்களிடமும் அந்த ஆபத்து குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று காட்டியபின் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு இருந்த எச்சரிக்கைக் கட்டம் நீக்கப்பட்டது. புகையை விட்டால் மனம் உடைந்துவிடும் என்ற பொதுவான பயத்துக்கும் 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வு பதில் சொல்கிறது: விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன, கூடவில்லை.

மருந்து வழியின் பலவீனம் அதன் சொந்த எண்களிலேயே இருக்கிறது. மூன்று முதல் ஐந்து விழுக்காட்டை இரண்டு மடங்காக்கினாலும் பத்தில் ஒன்பது பேர் ஓராண்டுக்குள் மீண்டும் புகைக்கிறார்கள். ஆய்வில் பங்கேற்று ஆலோசகரின் தொடர் கவனிப்போடு மருந்து எடுப்பவருக்குக் கிடைக்கும் பலன், கடையில் வாங்கி நான்கு நாள் மென்றுவிட்டு நிறுத்துபவருக்குக் கிடைப்பதில்லை. பல ஆய்வுகளுக்கு மருந்து நிறுவனங்களே பணம் கொடுத்தன என்பதையும் மறக்கக் கூடாது; அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டுவது ஓரளவு நம்பிக்கை தருகிறது.

தானாக விட்டவர்கள் எழுப்பும் மறுப்பு

இதுவரை சொன்னதற்கு எதிரான மிகக் கூர்மையான வாதம் சிட்னிப் பேராசிரியர் சைமன் சாப்மனுடையது. 2010இல் அவரும் ராஸ் மெக்கன்ஸியும் ஒரு எளிய உண்மையைச் சுட்டினார்கள்: புகையை நிரந்தரமாக விட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் எந்த மருந்தும் ஆலோசனையும் இல்லாமல் விட்டவர்கள். ஆராய்ச்சியும் விளம்பரமும் மருந்தைச் சுற்றியே நடப்பதால், உதவி இல்லாமல் முடியாது என்ற அவநம்பிக்கை சமூகத்தில் வளர்கிறது. மக்கள் இயல்பாகச் செய்துவந்த ஒன்றை நோயாளிகளின் வேலையாக மாற்றிவிட்டோம் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

இந்த வாதம் பாதி சரி. உதவியற்ற முயற்சிகள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால் அவற்றிலிருந்து வரும் வெற்றிகளும் அதிகமாகவே இருக்கும். ஆயிரம் பேர் தனியாக முயன்று நூற்றுக்கு நான்கு பேர் வென்றால் நாற்பது பேர். நூறு பேர் உதவியோடு முயன்று நூற்றுக்குப் பத்துப் பேர் வென்றால் பத்துப் பேர். வென்ற ஐம்பது பேரில் ஐந்தில் நான்கு பங்கு தனியாக விட்டவர்கள்தான், ஆனாலும் உதவி பெற்ற ஒவ்வொருவரின் வாய்ப்பும் இரண்டரை மடங்கு. இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் உண்மை. மேலும், உதவியைத் தேடி வருபவர்கள் பலமுறை தோற்றவர்களும் சார்பு ஆழமானவர்களும். எளிதில் விடக்கூடியவர்கள் முன்பே விட்டிருப்பார்கள். கனடாவில் நடந்த ஒரு மதிப்பீடு, ஒருவர் வெற்றிகரமாக விடுவதற்குக் கணக்கிடும் முறையைப் பொறுத்து ஆறு முயற்சி முதல் முப்பதுக்கும் மேற்பட்ட முயற்சிவரை ஆகலாம் என்றது. அந்த நெடிய வரிசையின் பின்பகுதியில் நிற்பவரிடம் போய், பலர் தானாகவே விட்டார்கள் என்று சொல்வது அவருக்கு உதவாது. சாப்மனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: உதவி உண்டு என்று அறிவிக்கும்போதே, உதவி இல்லாமல் முயல்வதும் பயனற்றது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படிப்படியாகக் குறைப்பதைவிட ஒரே நாளில் நிறுத்துவது சற்று மேல் என்று 2016இல் பிரிட்டனில் 697 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. நான்கு வாரத்தில் 49 விழுக்காட்டினருக்கு எதிராக 39 விழுக்காட்டினர். அந்த ஆய்விலும் இரு குழுவுக்கும் ஆலோசனையும் நிகோட்டின் மாற்றும் கொடுக்கப்பட்டிருந்தது.

ஒரு வாய்ச்சொல், ஒரு குடும்பம், கொஞ்சம் பணம்

துணை என்றால் என்ன? மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கலாம். 1979இல் ரசலும் குழுவினரும் லண்டனில் 28 பொதுநல மருத்துவர்களைக் கொண்டு, புகைக்கும் நோயாளியிடம் ஓரிரு நிமிடம் விடச் சொல்லி, ஒரு துண்டறிக்கை கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் சொல்லவைத்தார்கள். ஓராண்டு கழித்து அந்தக் குழுவில் 5.1 விழுக்காட்டினர் விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லப்படாத குழுவில் 0.3 விழுக்காட்டினர். பின்னர் வந்த ஆய்வுகளில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை என்றாலும் திசை மாறவில்லை. நேரடி ஆலோசனை வெற்றியை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. அதோடு மருந்தும் சேரும்போது பலன் மேலும் கூடுகிறது. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் இதையே பரிந்துரைக்கிறது: எந்த மருத்துவச் சந்திப்பிலும் அரை நிமிடம் முதல் மூன்று நிமிடம்வரை ஆலோசனை, விரும்புவோருக்குத் தொடர் ஆலோசனையும் மருந்தும்.

குடும்பத்தைப் பற்றிய சான்று இவ்வளவு நேர்கோட்டில் இல்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1971 முதல் 2003 வரை 12,067 பேரின் உறவு வலையை ஆராய்ந்த நிக்கலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும், கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைகிறது என்றார்கள். நண்பருக்கு 36, உடன்பிறந்தவருக்கு 25. மனிதர்கள் தனித்தனியாக அல்ல, கூட்டங்கூட்டமாக விடுகிறார்கள் என்பது அவர்களின் முடிவு. ஆனால் ஒத்த இயல்பினரே ஒன்று சேர்கிறார்கள் என்பதால், ஒருவரின் தாக்கம் எது, இருவருக்கும் பொதுவான சூழலின் தாக்கம் எது என்று இத்தகைய தரவிலிருந்து பிரிக்க முடியாது என்று புள்ளியியலாளர்கள் எச்சரித்தார்கள். அதைவிடச் சிந்திக்க வைப்பது வேறொரு முடிவு. துணைவருக்குப் பயிற்சி கொடுத்து ஆதரவைக் கூட்டும் திட்டங்களைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, வெற்றி கூடியதாகக் காணவில்லை. இயல்பாக இருக்கும் ஆதரவு உதவுகிறது, ஏற்பாடு செய்யப்பட்ட ஆதரவு அவ்வளவாக உதவவில்லை என்று இதைப் படிக்கலாம். அந்தத் திட்டங்கள் வீட்டில் நடக்கும் பேச்சை உண்மையில் மாற்றவே இல்லை என்றும் படிக்கலாம். நம் வீடுகளில் ஆதரவு என்ற பெயரில் நடப்பதில் கணிசமானது சட்டைப்பையைச் சோதிப்பதும் பிள்ளைகள்மேல் சத்தியம் வாங்குவதும்தான் என்பதால், இரண்டாவது விளக்கத்துக்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

சபரிமலைக்கு மாலை போடும் ஆண்கள் பலர் விரத நாட்களில் பீடியையும் சிகரெட்டையும் தொடுவதில்லை. நோன்பு மாதத்தில் இஸ்லாமியர் பகல் முழுதும் தவிர்க்கிறார்கள். உடல் தவிப்பின் கடுமையான வாரங்களைத் தாண்டப் போதுமான கால அளவு ஒரு மண்டலத்தில் இருக்கிறது. ஒரு சாமியிடம் யாரும் சிகரெட் நீட்டுவதில்லை, கூடவே பலர் அதே விரதத்தில் இருக்கிறார்கள், முடிவு நாளும் தெரிகிறது. துணைக்கு வேண்டிய பண்புகள் எல்லாம் இங்கே கூடியிருக்கின்றன. மாலையைக் கழற்றியதும் பலர் பழையபடி பற்றவைக்கிறார்கள் என்பதும் கண்கூடு. உடல் விடுபட்ட பின்னும் பழைய இடமும் பழைய கூட்டமும் காத்திருப்பதால், சார்பு மட்டுமே முழுக் காரணம் என்ற மருந்து வழியினரின் பேச்சுக்கும் இது ஒரு வரம்பு கட்டுகிறது.

பணத்தின் பங்கு பலருக்கு உறுத்தலானது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஊழியர்கள் 878 பேரிடம் கெவின் வோல்ப் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், விட்டதற்குப் பணம் பெற்ற குழுவில் 14.7 விழுக்காட்டினரும் மற்றதில் 5 விழுக்காட்டினரும் நீடித்தார்கள். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் வேறு வழி சோதிக்கப்பட்டது: புகைப்பவரே தன் பணத்தை வங்கியில் போட்டு, ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்ச் சோதனையில் தேறினால் திரும்பப் பெறுவார், இல்லையேல் இழப்பார். அழைக்கப்பட்டவர்களில் பதினொரு விழுக்காட்டினரே சேர்ந்தாலும், வாய்ப்பு வழங்கப்பட்ட குழு முழுவதிலும் விட்டவர்கள் மூன்று விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினார்கள். உடல்நலத்துக்காகக் காசு கொடுப்பதா என்ற கேள்விக்கு, நுரையீரல் நோய்க்கு அரசு மருத்துவமனை செலவிடுவதும் காசுதான் என்பது ஏற்கத்தக்க பதில். சோதனைச் செலவும் ஏமாற்றும் வாய்ப்பும் நம் சூழலில் இதைக் கடினமாக்குகின்றன.

கடைத்தெரு

தனிமனிதரைப் பற்றியே பேசுவது தவறு என்போர், விலையையும் விற்பனையையும் சுட்டுகிறார்கள். விலை பத்து விழுக்காடு உயர்ந்தால் ஏழை நாடுகளில் நுகர்வு சுமார் ஐந்து விழுக்காடு குறையும் என்பது பொருளியலாளர்களின் பொதுவான கணிப்பு. இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை நடைமுறையில் உள்ளது. ஆனால் பெட்டிக்கடையில் உதிரியாக ஒரு சிகரெட் வாங்க முடிகிறவரை விலையுயர்வின் கூர்மை மழுங்குகிறது. உதிரியில் எச்சரிக்கைப் படமும் இல்லை, உதவி எண்ணும் இல்லை. மின்சிகரெட்டை இந்தியா 2019இல் தடை செய்தது. அதே ஆண்டு பிரிட்டனில் பீட்டர் ஹாஜெக்கின் ஆய்வு, ஓராண்டில் அதைப் பயன்படுத்தியவர்களில் 18 விழுக்காட்டினரும் நிகோட்டின் மாற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட்டை விட்டதாகக் காட்டியது; மின்சிகரெட்டின் துணையோடு விட்டவர்களில் எண்பது விழுக்காட்டினர் ஆண்டு முடிவிலும் அதைத் தொடர்ந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை அது இழுக்கும் ஆபத்தை எண்ணினால் இந்தியத் தடையைக் குறை சொல்வது எளிதல்ல. ஆனால் பீடியும் சிகரெட்டும் தெருவுக்குத் தெரு விற்கும்போது தடை முழுமையான கொள்கையாகாது.

பீடி, காசநோய், நம் சான்று

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை சிகரெட் புகைக்கும் பணக்கார நாட்டவரிடம் நடந்தவை. இந்தியாவில் பீடி புகைப்பவர்கள் சிகரெட் புகைப்பவர்களைவிட அதிகம். பீடி இயற்கையானது, சிறியது, அவ்வளவு கெடுதி இல்லை என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. 2008இல் பிரபாத் ஜாவின் குழு வெளியிட்ட ஆய்வின்படி பீடி புகைக்கும் ஆண் சுமார் ஆறு ஆண்டு ஆயுளை இழக்கிறார், பெண் எட்டு ஆண்டை. தமிழ்நாட்டில் வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்டு பீட்டோவும் சக ஆய்வாளர்களும் இறந்த ஆண்கள் 43,000 பேரின் வரலாற்றைத் திரட்டி 2003இல் வெளியிட்ட முடிவு உலகம் முழுதும் பேசப்பட்டது: புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவரைவிட நான்கு மடங்கு. மேற்கத்திய எச்சரிக்கைகள் புற்றுநோயையும் மாரடைப்பையும் சொல்லிக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிக்கு உண்மையில் நெருக்கமான ஆபத்தை அந்த ஆய்வு காட்டியது. அந்த ஆபத்து இன்றும் போதுமான அளவு அவருக்குச் சொல்லப்படவில்லை.

எது உதவும் என்பதற்கு இந்தியச் சான்று குறைவு, ஆனால் வெறுமை இல்லை. தில்லியின் ஏழைக் குடியிருப்புகளில் பித்யுத் சர்க்காரும் குழுவினரும் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், கால் மணி நேர ஆலோசனையும் மூச்சுப் பயிற்சியும் பெற்றவர்களில் 2.6 விழுக்காட்டினரும், ஒரு நிமிட அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 0.5 விழுக்காட்டினரும் ஏழு மாதம் தாங்கினார்கள். எண்கள் சிறியவை, இடைவெளி ஐந்து மடங்கு. கேரளத்தில் கே. ஆர். தங்கப்பன் குழு 224 நீரிழிவு நோயாளிகளிடம் மருத்துவரின் அறிவுரையை எல்லோருக்கும் கொடுத்து, ஒரு பாதியினருக்கு மட்டும் மருத்துவரல்லாத சுகாதாரப் பணியாளரின் ஆலோசனையைச் சேர்த்தது. ஆறு மாதத்தில் 51.8 விழுக்காட்டுக்கு எதிராக 12.5. இது நோயாளிகள் தாமே சொன்ன கணக்கு, இரத்தத்திலோ மூச்சிலோ சோதித்ததல்ல. எனவே அப்படியே ஏற்க முடியாது. இருந்தாலும் நோய் வந்த நேரத்தில் ஊக்கம் மிகுந்திருக்கும்போது, கற்றுக்கொண்ட ஒரு பணியாளர் பேசினால் பலன் பெரிது என்ற குறிப்பு அதில் இருக்கிறது. 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய புகையிலை மீட்பு மையங்களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் ஒன்று. 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண் 2016 முதல் இயங்குகிறது. அதன் பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் தமிழிலும் பேசுகிறது.

முடியாதிருப்பவை

தீராத கேள்விகள் பல. விட்டவர் மீண்டும் தொடங்காமல் இருக்க எது உதவும் என்பதில் ஆய்வுகள் மெலிந்தே இருக்கின்றன. ஓராண்டு கடந்தவருக்கு என்ன துணை வேண்டும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாளுக்குப் பலமுறை பீடி இழுத்து, இடையில் ஹான்ஸ் புகையிலையும் வாயில் அடக்கும் ஒருவருக்கு நிகோட்டின் பட்டையின் அளவை எப்படிக் கணிப்பது என்பது ஐரோப்பிய வழிகாட்டிகளில் இல்லை. சைட்டிசின் போன்ற மலிவான மருந்து இங்கே எளிதில் கிடைத்தால் நிலைமை எவ்வளவு மாறும் என்பது சோதிக்கத்தக்க கேள்வி. தென்காசி, திருநெல்வேலி, வேலூர்ப் பக்கம் பீடி சுற்றி வாழும் பெண்களின் கூலிக்கு மாற்று என்ன என்பதற்கு விடை சொல்லாமல், புகைப்பவரை மட்டும் விடச் சொல்லும் கொள்கைக்கு நேர்மை குறைவு.

மன உறுதியா துணையா என்ற கேள்விக்கு இன்றுள்ள சான்று அனுமதிக்கும் பதில் இவ்வளவுதான்: முயல்வதற்கு ஊக்கம் வேண்டும், அது சட்டென்று வந்து சட்டென்று போகும், அது வரும் நாளில் கைக்கெட்டும் தூரத்தில் ஆலோசனையும் மருந்தும் இருந்தால் வாய்ப்பு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது, அப்படியும் பலர் தோற்பார்கள், மறுபடி முயல வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். காசநோய்ப் பணியாளர்கள் ஆறு மாதம் ஒரே நோயாளியைத் தொடர்கிறார்கள். பீடி பிடிக்கிறீர்களா, விட விருப்பமா என்று ஒவ்வொரு சந்திப்பிலும் அவர்கள் தவறாமல் கேட்க வேண்டும். ஆம் என்பவருக்கு அந்த வாரமே ஆலோசனையும், தேவையென்றால் நிகோட்டின் சூயிங்கமும் இலவசமாகக் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.